ஓடிப்போனவளுக்கு விலை எவ்வளவு?

டியூக்குகளும் நடன விருந்துகளும் நிறைந்த ‘ரீஜென்ஸி’ காதல் நாவல்கள் சிவாஜிநகர்ப் பெண்களுக்கு ஏன் அந்நியமாகப் படவில்லை? அந்தக் கதைகளுக்கு அடியில் கிடந்த சட்டம் இந்தியாவில் 2001 வரை உயிரோடு இருந்தது.

கமர்ஷியல் தெருவிலிருந்து ரஸல் மார்க்கெட் பக்கம் இறங்கும் சந்துகளில் ஒன்றில், தையல் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. 1990களின் நடுப்பகுதி. இடது பக்க அலமாரியில் தமிழ்: ரமணிசந்திரன், பாலகுமாரன், ராஜேஷ்குமார். வலது பக்கம் ஆங்கிலம். அதன் மேல்தட்டில் இருந்த புத்தகங்களுக்கு மட்டும் முதலாளி பழுப்புத் தாளில் அட்டை போட்டிருப்பார். தோள் தெரியும் கவுனில் ஒரு பெண், அவள் பின்னால் சட்டைப் பொத்தான் போட மறந்த ஓர் ஆண், அதற்கும் பின்னால் ஒரு மாளிகை என்ற படம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படக்கூடாது என்ற நல்லெண்ணம். பலன் என்னவோ நேர்மாறானது. பழுப்புத் தாள் போட்டிருந்தாலே ‘அந்த’ப் புத்தகம் என்று தெருவுக்கே தெரிந்தது.

விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, மூன்று நாள் தவணை. எடுத்துப் போனவர்கள் பள்ளி ஆசிரியைகள், டைப்பிஸ்டுகள், பி.யூ.சி. படிக்கும் பெண்கள். வீட்டில் தமிழ், தெருவில் தக்கனி உருது, பஸ்ஸில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று நாலு மொழியில் வாழ்ந்தவர்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஆசிரியைதான் என்னை அந்த மேல்தட்டுக்கு அழைத்துப் போனார். எனக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். ‘மிஸ்’ என்று கூப்பிடுவேன். இன்றும் அப்படித்தான்.

அந்தப் புத்தகங்களுக்கு ரீஜென்ஸி நாவல் என்று பெயர் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. ‘டியூக் கதை’ என்போம். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநிலை பாதிக்கப்பட்டிருந்தபோது, 1811 முதல் 1820 வரை, அவருடைய மூத்த மகன் ‘ரீஜென்ட்’ என்ற பட்டத்தோடு ஆட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். வெறும் ஒன்பது ஆண்டுகள். ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் வெளிவந்த ஆண்டுகள் இவை. அவர் எழுதியது தன் காலத்துக் கதை. அதைச் சரித்திரக் கதையாக்கி ஒரு தனி வகையையே உண்டாக்கியவர் ஜார்ஜெட் ஹேயர் (1902-1974). 1935-ல் வெளியான ‘ரீஜென்ஸி பக்’ நாவலுக்குப் பிறகு அவர் திரும்பத் திரும்ப அந்த ஒன்பது ஆண்டுகளுக்கே போனார். அவர் போட்ட பாதையில் நூற்றுக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஜூலியா குவின் எழுதிய நாவல்கள் ‘பிரிட்ஜர்டன்’ தொடராக 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது டியூக் கதை உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. 2022-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகியே இந்தியாவிலிருந்து வந்தவள். நடித்த சிமோன் ஆஷ்லி, தங்கையாக நடித்த சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். லண்டன் மாளிகையில் நின்றுகொண்டு அவர்கள் ‘அப்பா’ என்று சொல்ல, அடுத்த மூச்சில் ‘தீதி’ என்றார்கள். எந்த ஊர்க் குடும்பம் என்று நம்மவர்கள் குழம்பியது தனிக்கதை.

கதையின் யந்திரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். கிராமத்துப் பெண் ஒருத்தி லண்டன் ‘சீசனு’க்கு வருகிறாள். சீசன் என்பது வசந்தத்தில் தொடங்கிக் கோடையின் நடுவரை நடக்கும் கல்யாணச் சந்தை. அங்கே கெட்ட பெயரெடுத்த டியூக் ஒருவன் இருப்பான். (நாவல்களில் வரும் டியூக்குகளை வரிசையாக நிறுத்தினால் ஹைட் பார்க் கொள்ளாது. அசல் இங்கிலாந்தில் அவர்கள் சில டஜன்களுக்குள் அடக்கம்.) நடன மண்டபத்தின் புழுக்கம் தாங்காமல் அவள் தோட்டத்துப் பக்கம் போவாள். அவனும் அங்கே இருப்பான். ஐந்து நிமிடம். ஒரு முத்தம், அல்லது முத்தம்கூட இல்லை. அதற்குள் கையில் விசிறியோடு யாராவது ஒரு அத்தை வந்துவிடுவார். அவ்வளவுதான். பெண் ‘கெட்டுப்போனாள்’. மறுவாரமே கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பிடம் சிறப்பு லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம். காதல் அதற்குப் பிறகு மெதுவாக வரும்.

அமெரிக்க வாசகிக்கு இது கற்பனை உலகம். ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்றதற்காகக் கல்யாணமா என்று சிரித்துக்கொண்டே படிப்பாள். சிவாஜிநகரில் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. டியூஷன் விட்டு வரும்போது எந்தப் பையனின் சைக்கிள் பக்கத்தில் வந்தது என்பதை இப்ராஹிம் சாகிப் தெரு முனையிலிருந்து வீட்டுத் திண்ணை வரை நாலு பேர் கணக்கு வைத்திருந்த இடம் அது.

பல ஆண்டுகள் கழித்து, தமிழ் முதுகலை முடித்து மொழிபெயர்ப்பை ஒரு தொழிலாகச் செய்ய ஆரம்பித்த பிறகு, ஒரு பதிப்பகம் அப்படிப்பட்ட நாவல் ஒன்றைத் தமிழில் தரக் கேட்டது. முதல் அத்தியாயத்திலேயே ‘ஸ்காண்டல்’ என்ற சொல்லில் வண்டி நின்றுவிட்டது. அவதூறு என்று போட்டால் பொய் என்று பொருளாகிறது. கதையிலோ நடந்தது உண்மை. வம்பு என்றால் போதவில்லை. ஊழல் என்றால் ஏதோ சிமெண்ட் காண்டிராக்ட் மாதிரி இருக்கிறது. கடைசியில் எம்.ஏ. பாடப்புத்தகத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே சொல் தயாராகக் காத்திருந்தது: அலர்.

அகத்திணை படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். தலைவனும் தலைவியும் யாருக்கும் தெரியாமல் சந்திப்பது களவு. அது வாயோடு வாயாக, அரைகுறையாகக் கசிவது அம்பல், அதாவது மொட்டு. ஊரறிய விரிந்துவிட்டால் அலர், மலர்ந்த பூ. அலர் வந்துவிட்டால் வழி இரண்டுதான். ஒன்று, தோழி தலைவனை நெருக்கி ‘சீக்கிரம் வரைந்துகொள்’, அதாவது கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறாள். இரண்டு, உடன்போக்கு. இருவரும் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். ரீஜென்ஸி நாவலின் எலும்புக்கூடு இதேதான். பிரிட்ஜர்டனில் வரும் லேடி விசில்டவுன் பத்திரிகை, அம்பலை அச்சடித்து அலராக்கும் யந்திரம். கிரெட்னா கிரீன் என்ற ஸ்காட்லாந்து எல்லைக் கிராமத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு பறப்பது உடன்போக்கு. நற்றிணையில் ஒரு தலைவி, மூக்கில் விரல் வைத்துப் பேசும் தெருப் பெண்களையும் கோல் எடுத்து அடிக்கும் அன்னையையும் பொறுத்துப் பார்த்துவிட்டு, நெய்தல் கரையில் தேரோடு வரும் காதலனுடன் புறப்பட முடிவு செய்கிறாள். தேருக்குப் பதில் நாலு குதிரை பூட்டிய கோச் என்று போட்டால் ஹேயரின் ஏழாம் அத்தியாயம்.

கிரெட்னா கிரீனுக்கு ஓட வேண்டியிருந்ததற்கும் காரணம் உண்டு. 1753-ல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம், இங்கிலாந்தில் ரகசியத் திருமணங்களைச் செல்லாததாக்கியது. மூன்று ஞாயிறு சர்ச்சில் அறிவிப்புப் படிக்க வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸில் மணப்பவர் 21 வயதுக்கு உட்பட்டவரானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்தச் சட்டம் கிடையாது. எனவே ஓட்டம். அறிவிப்புப் படிப்பதை நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘ஓலை வாசிப்பது’ என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அது ஹார்ட்விக்குக்கு வெகு காலம் முந்தைய வழக்கம். எங்கள் பேட்டையிலும் மூன்று ஓலை முடிந்தால்தான் கல்யாணம். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவே நின்றுபோன கல்யாணங்களைப் பற்றித் தெருவில் தனி இலக்கியமே உண்டு.

ஹார்ட்விக்குக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியர் இதே காரியத்துக்கு இதே காரணத்தைச் சொல்லிவிட்டார். காதலில் பொய்யும் தவறும் புகுந்த பிறகே பெரியோர்கள் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்கிறார். ‘அவளை எனக்குத் தெரியவே தெரியாது’ என்று ஆண் கைவிரிக்க முடியாதபடி சாட்சி வேண்டும், அவ்வளவுதான். அகநானூற்றின் 256-ஆம் பாட்டு அப்படிக் கைவிரித்த ஒருவனைக் காட்டுகிறது. கள்ளூர் என்ற ஊரில் ஒரு பெண்ணைக் கூடிவிட்டு, தெரியாது என்று பொய்ச்சத்தியம் செய்கிறான். அவை சாட்சிகளை விசாரிக்கிறது. பொய் வெளிப்பட்டதும் அவனை மரக்கிளையில் கட்டி, தலையில் சுண்ணாம்பு நீற்றைக் கொட்டுகிறார்கள். அந்த நேரத்தில் அவையில் எழுந்த ஆரவாரத்தைவிடப் பெரியது உன்னைப் பற்றிய அலர் என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். கள்ளூர் அவை பெண்ணின் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். (நம் கவிதையும் முழு யோக்கியம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு தலைவன் பரத்தை வீட்டுக்குப் போனால் ஊடல் உண்டு, சுண்ணாம்பு கிடையாது.)

இனி நாவலை மூடிவிட்டு நடந்ததைப் பார்க்கலாம். அதற்கு லண்டனுக்குப் போகும் முன் ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும்.

1799 மே மாதம் திப்பு சுல்தான் கொல்லப்பட்ட பின், மைசூர் ராஜ்யத்தைப் பங்கு போட்டுச் சிறுவன் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் உட்கார வைக்க ஐந்து பேர் கொண்ட கமிஷன் அமைந்தது. ஜெனரல் ஹாரிஸ், பாரி குளோஸ், வில்லியம் கர்க்பாட்ரிக், கவர்னர் ஜெனரலின் தம்பிகளான ஆர்தர் வெல்லெஸ்லி, ஹென்றி வெல்லெஸ்லி. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் வீட்டுக் கதைகளை வைத்தே மூன்று டியூக் நாவல் எழுதலாம்.

வில்லியமின் தம்பி ஜேம்ஸ் கர்க்பாட்ரிக் (தந்தை ஒருவர், தாய் வேறு) ஹைதராபாதில் ரெசிடென்ட். நிஜாம் அரசவையில் செல்வாக்கான குடும்பத்துப் பெண் கைருன்னிஸாவைக் காதலித்து மணந்தார். கவர்னர் ஜெனரல் விசாரணை வைக்கும் அளவுக்கு அலர். 1805-ல் இரண்டு குழந்தைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டன. அதே ஆண்டு ஜேம்ஸ் கல்கத்தாவில் இறந்தார். 1813-ல் கைருன்னிஸா இறக்கும் வரை பிள்ளைகளை மறுபடி பார்க்கவில்லை. வில்லியம் டால்ரிம்பிளின் ‘ஒயிட் முகல்ஸ்’ (2002) படித்தவர்களுக்கு இது தெரிந்த கதை.

ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் டியூக். அசல் டியூக். இந்தியாவுக்கு வருமுன் கிட்டி பாகெனம் என்ற பெண்ணைக் கேட்டார். வருமானமில்லாத ராணுவக்காரன் என்று குடும்பம் மறுத்தது. மைசூரிலும் மராட்டியப் போர்களிலும் பேரும் பணமும் சேர்த்துக்கொண்டு 1805-ல் திரும்பியவர், பத்து வருடத்துக்கு மேல் பார்த்திராத அந்தப் பெண்ணை நேரில் பார்க்காமலேயே கடிதத்தில் மறுபடி கேட்டார். 1806 ஏப்ரலில் கல்யாணம். எந்த நாவலாசிரியையும் இங்கே ‘சுபம்’ போட்டுவிடுவார். உண்மையில் அது இருவருக்கும் துக்கமான தாம்பத்தியம். 1831-ல் கிட்டி இறக்கும் வரை அப்படியே போயிற்று.

ஹென்றியின் கதைதான் லண்டனை உலுக்கியது. 1803-ல் அவர் சார்லட் கடோகனை மணந்தார். நாலு குழந்தைகள். 1809 மார்ச்சில் சார்லட், ஹென்றி பேஜட் என்ற குதிரைப்படைத் தளபதியோடு ஓடிப்போனார். பேஜட்டுக்கு ஏற்கெனவே கரோலின் என்ற மனைவி, எட்டுக் குழந்தைகள். பத்திரிகைகளுக்கு வேறு செய்தியே இல்லை. சார்லட்டின் அண்ணன்தம்பிகளில் ஒருவர் பேஜட்டை விம்பிள்டன் மைதானத்தில் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். இருவரும் காயமில்லாமல் திரும்பினார்கள். அதன் பிறகு வெல்லெஸ்லி குடும்பத்தானின் கீழ் பேஜட் பணி செய்வது சங்கடமாகி, இங்கிலாந்தின் மிகச் சிறந்த குதிரைப்படைத் தளபதி ஸ்பெயின் போரின் பிற்பகுதி முழுக்க வீட்டில் இருந்தார். 1815-ல் வாட்டர்லூவில்தான் வெலிங்டனுக்குக் கீழே மறுபடி குதிரை ஏறினார். அப்போது அவர் அக்ஸ்பிரிட்ஜ் பிரபு. அங்கே ஒரு காலை இழந்தார். ஹேயரின் ‘ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி’ (1937) அந்தப் போரைத்தான் பின்னணியாகக் கொண்டது. வெலிங்டனும் அக்ஸ்பிரிட்ஜும் அதில் பாத்திரங்கள்.

சார்லட் ஓடிப்போன அதே 1809-ல்தான், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்குப் பயந்த கம்பெனி ராணுவம் பெங்களூருக்கு இடம் மாறிக் கன்டோன்மென்ட் பிறந்தது. சென்னை ராணுவத்தின் பின்னாலேயே தமிழ்ச் சிப்பாய்கள், சமையற்காரர்கள், தையற்காரர்கள், காண்டிராக்டர்கள் வந்தார்கள். அவர்கள் குடியேறிய பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். இன்ஃபன்ட்ரி ரோடு என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கேவல்ரி ரோடு, அதாவது குதிரைப்படைச் சாலை, காமராஜ் ரோடு ஆகிவிட்டது. பேட்டையின் செயின்ட் மேரீஸ் பசிலிக்காவின் தொடக்கத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, இந்துக்களின் கல்யாணம், விதவை நிலை, சடங்குகள் பற்றியெல்லாம் எழுதிய நூல் 1816-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. (அதில் பெரும் பகுதி அவருக்கு முந்திய பாதிரியார் ஒருவருடையது என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.) இந்தியர்கள் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கே படித்துப் பார்த்திருப்பார்கள். அவர்கள் ஊரில் அப்போது இருந்த சட்டம் வருமாறு.

மனைவி ஓடிப்போனால் கணவன் முதலில் போட வேண்டியது கள்ளக்காதலன் மேல் நஷ்டஈட்டு வழக்கு. ‘கிரிமினல் கான்வர்சேஷன்’ என்று அதற்குப் பெயர். பேச்சுவழக்கில் ‘கிரிம் கான்’. பெயரில் கிரிமினல் இருந்தாலும் சிவில் வழக்கு. என் உடைமையை நீ பாழாக்கினாய், ஈடு கொடு என்பதுதான் அதன் சாரம். மனைவி எவ்வளவு அழகு, கணவனோடு எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாள், காதலன் எவ்வளவு பணக்காரன் என்பதையெல்லாம் பார்த்து ஜூரி தொகையை நிர்ணயிக்கும். அவள் அந்த வழக்கில் கட்சிக்காரி இல்லை, அவள் பேச முடியாது. விசாரணை விவரங்கள் சிறு புத்தகங்களாக அச்சாகிச் சுடச்சுட விற்றன. இதற்குப் பிறகு சர்ச் கோர்ட்டில் ஒரு வழக்கு. அதற்கும் பிறகு, விவாகரத்துக்காகத் தனியே பாராளுமன்றச் சட்டம் ஒன்றே நிறைவேற வேண்டும். சார்லட்டுக்கு விதிக்கப்பட்ட ஈடு 20,000 பவுண்டுக்குக் குறையாது. ஆஸ்டினின் நாவலில் டார்சியின் மலைக்க வைக்கும் வருமானம் வருடத்துக்குப் பத்தாயிரம். கணக்கு வாசகர்களுக்குப் புரியும்.

கணவன் தவறு செய்தால்? மனைவிக்கு அப்படி ஒரு வழக்கே கிடையாது. எட்டுப் பிள்ளைகளின் தாயான கரோலின், ஸ்காட்லாந்து கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேதான் கணவனின் தகாத உறவு ஒன்றையே சொல்லி ஒரு பெண் விடுதலை கேட்க முடியும். 1810-ல் கேட்டு வாங்கினார். அதே ஆண்டு ஆர்கைல் டியூக்கை மணந்தார். பேஜட்டும் சார்லட்டும் அதே ஆண்டில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இவர்கள் பிரபுக்கள், தப்பித்தார்கள். தப்பாதவர்களை ஆஸ்டின் எழுதினார். ராஜீவ் மேனன் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) அவருடைய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் தமிழ் வடிவம் என்பது எல்லோருக்கும் தெரியும். மம்முட்டி நடித்த மேஜர் பாலா, மூலத்தில் கர்னல் பிராண்டன். அவர் இளமையில் காதலித்த எலைசாவை அவருடைய அண்ணனுக்கே கட்டி வைத்துவிடுகிறார்கள். பிராண்டன் இந்தியாவுக்குப் படையில் வந்துவிடுகிறார். இரண்டு வருடத்தில் அவள் விவாகரத்து ஆன செய்தி இங்கே அவரை எட்டுகிறது. திரும்பிப் போய்த் தேடும்போது, கடன்காரர்களை அடைத்து வைக்கும் இடத்தில் காசநோயில் செத்துக்கொண்டிருக்கிறாள். 1811-ல் வெளியான நாவலில் இரண்டே பக்கத்தில் வருவது இது. தமிழ்ப் படத்தில் இல்லை. டியூக் கதைகளிலும் இருக்காது. தோட்டத்தில் அத்தை வந்து நிற்கும்போது அந்தப் பெண்ணுக்கு ஏன் அப்படிக் கை நடுங்குகிறது என்பதற்கு எலைசாதான் காரணம். நல்ல ரீஜென்ஸி எழுத்தாளர்களுக்கு இது தெரியும், அதனால் அவர்களுடைய நகைச்சுவையின் அடியில் ஒரு குளிர் ஓடும். மற்றவர்களுக்குக் கவுனின் நிறம் மட்டும் தெரியும்.

இங்கிலாந்து 1857-ல் கிரிம் கானை ஒழித்தது. ஆனால் விவாகரத்து வழக்கோடு சேர்த்துக் காதலனிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையைக் கணவனுக்கு விட்டுவைத்தது. அதைப் பார்த்து எழுதியதுதான் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்திய 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதன் 34-வது பிரிவு கணவனுக்கு அதே நஷ்டஈட்டு உரிமையைத் தந்தது. 10-வது பிரிவின்படி, மனைவியின் தகாத உறவு ஒன்றே கணவனுக்கு விவாகரத்து வாங்கப் போதும். கணவனின் தகாத உறவு மனைவிக்குப் போதாது. அதோடு கொடுமை, அல்லது இரண்டு வருடம் கைவிட்டது, இப்படி இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்து 1923-லேயே இந்த ஓரவஞ்சனையைக் கைவிட்டது. நஷ்டஈட்டை 1970-ல் சட்டமியற்றி நீக்கியது. நம் சட்டக் கமிஷன் 1983-ல் தன் 90-வது அறிக்கையில் மாற்றச் சொன்னது. கேரள உயர்நீதிமன்றம் 1995-ல் கூடுதல் நிபந்தனைகளைத் தள்ளுபடி செய்தது. பாராளுமன்றம் அசைந்தது 2001-ல். இ.பி.கோ. 497-ம் இதே குடும்பத்துப் பிள்ளைதான். கணவனின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவன் மனைவியோடு உறவு வைத்தவனுக்குத் தண்டனை என்ற அந்தப் பிரிவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது.

மிஸ் கிறிஸ்தவர். அவர் கணவருக்கு வேலை வேறு ஊரில். அங்கே இன்னொரு பெண், இன்னொரு குடும்பம். அவர் மறைக்கவும் இல்லை. மாதாமாதம் மணியார்டர் தவறாது. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வருவார், கேக்கோடு. நான்கு நாள் இருப்பார், போய்விடுவார். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. தெருவின் அலர் அவரைப் பற்றி அல்ல, புருஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத மிஸ்ஸைப் பற்றி. நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த வருடம் அவர் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். வக்கீல் நல்ல மனிதர், பீஸ் வாங்கவில்லை. கணக்கை மட்டும் சொன்னார். தகாத உறவை நிரூபிக்கலாம், அது போதாது. கொடுமை என்று வாதாடலாம், அடிக்காத ஆளைக் கோர்ட் என்ன சொல்லுமோ தெரியாது. இரண்டு வருடம் கைவிட்டார் என்று காட்டலாம் என்றால், ஒவ்வொரு கிறிஸ்துமஸும் வந்து கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போகிறார். நீங்கள் கேரளத்தில் இருந்திருந்தால் வேறு விஷயம் என்றாராம். இதையே மிஸ் செய்திருந்தால், கணவருக்கு விவாகரத்தும் உண்டு, அந்த ஆளிடமிருந்து பணமும் உண்டு என்பதையும் சொல்லி அனுப்பினார்.

அந்தக் காலத்தில்தான் மிஸ் வாரத்துக்கு மூன்று டியூக் கதைகள் படித்தார். கஷ்டத்தை மறக்கப் படிக்கிறார் என்று என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருந்திய போக்கிரியைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழும் கதைகளை அவர் பாதியில் திருப்பிக் கொடுத்துவிடுவார். நூலக முதலாளி பாதி வாடகையைக் கழிக்க மாட்டார், அதில் ஒரு சண்டை. அவருக்குப் பிடித்தது ஹேயரின் ‘எ சிவில் கான்ட்ராக்ட்’ (1961). கடனில் மூழ்கிய பிரபு ஒருவன், காதலித்த அழகியை விட்டுவிட்டு, வியாபாரியின் சுமாரான பெண்ணைப் பணத்துக்காகக் கட்டிக்கொள்கிற கதை. பெரிய காதல் எதுவும் கடைசி வரை வராது. சாப்பாடு, பண்ணை, கணக்கு வழக்கு, மெல்ல ஒரு பழக்கம். இதை எழுதினவளுக்குக் கல்யாணம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது என்பார் மிஸ்.

சட்டம் மாறிய மறு வருடம் மனுப் போட்டார். கணவர் எதிர்த்து வாதாடவில்லை. தீர்ப்பு வந்த வருடம் கிறிஸ்துமஸுக்கும் பழக்கதோஷத்தில் கேக்கோடு வந்து நின்றார் என்பது எங்கள் தெருவில் இன்றும் பேசப்படும் சங்கதி. கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார் மிஸ்.

நூலகம் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். மிஸ் ஓய்வுபெற்று வெகு நாளாயிற்று, அதே மாடிதான். பிரிட்ஜர்டனை என்னுடைய லாப்டாப்பில் இரண்டு எபிசோட் பார்த்தார். உடைகள் நன்றாயிருக்கின்றன, இத்தனை பேர் இத்தனை வெளிச்சத்தில் இத்தனை தைரியமாகத் தோட்டத்துக்குப் போவதை நம்ப முடியவில்லை என்றார். போன மாதம் இந்தக் கட்டுரைக்காகத் தேடி வைத்திருந்த சார்லட், பேஜட் கதையை அவருக்குச் சொன்னேன். துப்பாக்கிச் சண்டையில் அவருக்கு அக்கறை இல்லை. காலை இழந்ததற்கு ‘த்சொ’ கொட்டினார். அந்த இருபதாயிரம் பவுண்டில் கரோலினுக்கு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். ஒரு பென்னி கிடைக்கவில்லை, ஆனால் ஒரு டியூக் கிடைத்தார் என்றேன்.

எந்த மாதிரி டியூக் என்று விசாரித்தாயா என்றார் மிஸ்.